பெரட்டுக்குத் திரும்பிய படை

கோலாலம்பூரை விட்டுத் தெற்கே வரும் மின்ரயில் பாங்கி, பாத்தாங் பெனார், நீலாய், லாபு, திரோய் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்றுதான் சிரம்பானை அடைகிறது. லாபு, நீலாய் என்றால் இந்நாட்டின் மூத்த தமிழருக்கு இன்றும் தோட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஜன்னலுக்கு வெளியே இப்போது ஓடுவது செம்பனை வரிசை. அது முடிகிற இடத்தில் புதுக் குடியிருப்புகளின் சிவப்புக் கூரைகள். கித்தா (ரப்பர்) மரம் தென்பட்டால் அதன் பட்டையில் பழைய உளிக்கோடு இருக்கிறதா என்று கண் தானாகத் தேடுகிறது.

சிங்கப்பூர் வரை நீளும் தண்டவாளம் இது. 1943-இன் கடைசியில் மலாயாவின் ஊர்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் புறப்பட்ட தமிழ்ப் பெண்களும் ஆண்களும் சிப்பாய்களாவதற்கு இந்தத் திசையில்தான் போனார்கள். அப்படிப் போன ஒரு பெண்ணின் வாழ்க்கையையும், அவர் பின்னால் நின்ற பெயர் தெரியாத பால்வெட்டுத் தொழிலாளர்களையும் நினைத்துத்தான் இந்தப் பயணம். பெண்ணின் பெயர் ஜானகி தேவர். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன்.

1925 பிப்ரவரி 25-ஆம் தேதி கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்து, சில நாட்களிலேயே இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து ஏற்று, ஊர் ஊராகப் பேசப் புறப்பட்டார். கோலாலம்பூர்க் கூட்டத்துக்குப் போன ஜானகி, காதில் கிடந்த தங்கத்தைக் கழற்றிப் போராட்ட நிதிக்குக் கொடுத்தார். மறுநாள் அது நாளிதழில் படத்தோடு வந்துவிட்டது. வீட்டில் புயல். மகளைப் போஸின் இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) அனுப்பத் தந்தைக்கு மனமில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1940-இல் சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் லட்சுமி அந்த வீட்டுக்கே வந்து பேசினார். தந்தை கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வயது மகள் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் தொடங்கிய முகாமுக்குப் போனாள். முகாமின் சாப்பாடு தொண்டையில் இறங்காமல் ஆரம்பத்தில் அழுத அந்தப் பெண்தான் பின்னாளில் அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் துணைத் தளபதி.

அக்டோபர் 21-ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் பெண்கள் முகாம் திறந்தது. ஜானகியைப் போலப் படித்த வீட்டுப் பெண்கள் அங்கே சிலர். ஈப்போவிலிருந்து பதினாறு வயதில் அக்காவோடு வந்து சேர்ந்த ராசம்மா பிற்காலத்தில் ராசம்மா பூபாலன் என்ற பெயரில் ஆசிரியையாகி, 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டு, ஆண் ஆசிரியருக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடினார். இவர்களைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அணியில் பக்கத்தில் நின்றவர்களோ பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைத் தேடுவதென்றால் சிரம்பானில் இறங்கத்தான் வேண்டும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிரம்பான் அந்தக் காலத்தில் சுங்கை ஊஜோங். ஈயம் தோண்டிய ஊர். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1891-இலேயே போர்ட் டிக்சனுக்கு ரயில் ஓடியது. ஈயத்துக்குப் பிறகு காப்பி, காப்பிக்குப் பிறகு ரப்பர். ஊருக்குள் அரசாங்கக் கட்டடங்களின் கூரைகள் இருமுனையிலும் எருமைக் கொம்பாக மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் கட்டடக்கலை அது. அவர்களுடைய அடாட் பெர்பாத்தே என்ற வழக்கத்தில் குலம் தாய்வழியே எண்ணப்படுகிறது, பூர்வீக நிலம் மகளுக்குப் போகிறது. அரசரைக்கூட நான்கு உண்டாங் தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். பெண்ணுக்கு நிலம் உரிமையான அதே மாநிலத்தில், வேலி தாண்டினால் தோட்டம்; அங்கே ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்று 1920-களின் கடைசியில் நாட்கூலியே வேறாக வகுக்கப்பட்டிருந்தது. உலகப் பொருளாதாரச் சரிவு வந்ததும் அதுவும் குறைந்தது. துப்பாக்கி தூக்கப் போன தோட்டத்துப் பெண்ணைப் புரிந்துகொள்ள இந்தப் பத்துக் காசு வித்தியாசத்திலிருந்து தொடங்குவது நல்லது.

நகரத்தை ஒட்டிக் கிடக்கிறது லோபாக். அதன் பெயரைத் தாங்கி ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. சுற்றிலும் சிரம்பான், லாபு, ரந்தாவ், லின்சம் என்று தோட்டங்கள் விரிந்திருந்த வட்டாரம் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, பிறகு வீட்டுமனைகளாக ஆக, லயங்களில் இருந்த குடும்பங்கள் இப்படிப்பட்ட ஊர்ப்புறங்களுக்கு நகர்ந்தன. கங்காணி, தண்டல், கிராணி, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், ஆயக்கொட்டகை என்ற சொற்கள் இன்னும் பெரியவர்கள் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டும் அவற்றில் ஒன்று. பழைய தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் காந்தி, நேருவோடு ராணுவத் தொப்பி போட்ட நேதாஜி போஸும் இடம்பிடித்தது சும்மா வந்த பழக்கமில்லை. அந்த வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் அந்தத் தொப்பியைப் போட்டிருந்தார்.

அவர் ஏன் போட்டார் என்பதற்கு விடை 1943-க்கு இரண்டு ஆண்டு முந்தியே கிடக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது. இன்னொன்றும் இருந்தது: துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். அரசு நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலையை அறிவித்துப் படையை இறக்கியது. ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். கொந்தளிப்பு எல்லை தாண்டி நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் தொட்டது. சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமைக்காக உயிரைக் கொடுத்த மக்களை, காசுக்காகவும் ஜப்பானியர் மிரட்டலுக்காகவும் படையில் சேர்ந்தவர்கள் என்று ஒரு வரியில் தள்ளிவிட முடியாது.

ஆனால் மிரட்டலும் பசியும் இருந்தது உண்மை. அதை மறைத்துவிட்டு நேதாஜி படத்துக்கு மாலை போடுவது அந்த மனிதர்களுக்கே செய்யும் அநியாயம். 1942 ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் நெகிரி செம்பிலானும் ஜப்பானியர் கைக்குப் போனது. துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு சோறானது, சாக்குத்துணி உடுப்பானது, கையில் இருந்த, ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரக் காசு வெறும் தாளானது. மார்ச் மாதத்தில் இந்த மாநிலத்தின் சீனக் கிராமங்களில் ஜப்பானிய ராணுவம் நடத்திய படுகொலை பயங்கரமானது. கோலப்பிலா அருகே பாரிட் திங்கியில் 16-ஆம் தேதி 675 பேர்; இரண்டு நாள் கழித்து, தித்தி அருகே ஜூ லூங் லூங் என்ற குடியிருப்பில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டோர். லோபாக்கில் இன்று தமிழரும் சீனரும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி இரண்டு வீட்டிலும் இருக்கும் நினைவு ஒன்றல்ல. ஐ.என்.ஏ. வீரரின் வரலாற்றை எழுத வருகிறவர் அந்தப் பக்கத்து வீட்டின் துக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தமிழருக்கு வந்த சாவு வேறு வழியில் வந்தது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்புசயாத் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில்பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நல்ல கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டியது முதல் கட்டம். திரும்பியவர் இல்லை என்று தெரிந்ததும் இழுத்துப் போனது அடுத்த கட்டம். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் காலில் புரையோடிய புண்ணிலும் பல்லாயிரவர் மாண்டனர். சயாம் மரண ரயில் என்ற பெயர் மலேசியத் தமிழரிடம் தலைமுறை தாண்டி நிற்கிறது; ஆர். சண்முகம் அந்தப் பெயரிலேயே நாவல் எழுதினார். அ. ரெங்கசாமி இந்தக் கொடுமையை ஒரு நாவலிலும் ஐ.என்.ஏ. வரலாற்றை இன்னொன்றிலும் எழுதினார். ஒரே எழுத்தாளர் இரண்டையும் எழுத நேர்ந்தது இயல்பானது. ஒரே லயத்தில் ஒருவர் சயாமுக்குப் போனார், அடுத்த வாசலில் இருந்தவர் படைக்குப் போனார். படையில் பெயர் கொடுத்தால் சயாமுக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்ற கணக்கும் அன்று இருந்தது. அப்படிக் கணக்குப் போட்டுச் சேர்ந்தவர் முகாமில் மூன்று மாதம் கழித்து வேறு ஆளாக மாறியிருக்கலாம். இரண்டும் ஒரே மனிதருக்குள் நடக்கக்கூடியவை.

சிரம்பானில் ஐ.என்.ஏ.வின் பயிற்சி முகாம் இருந்தது. மலாயாவில் சேர்ந்த பொதுமக்களைச் சிப்பாய்களாக்கிய முகாம்களில் அது ஒன்று. ஆரம்பத்தில் இந்தப் படை, சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினரைக் கொண்டு மோகன் சிங் திரட்டியது. 1942 டிசம்பரில் ஜப்பானியரோடு முறிந்து அது கலைந்தது. போஸ் வந்து மீண்டும் கட்டியபோது உள்ளே வந்தவர்களில் பெருங்கூட்டம் தமிழ்த் தொழிலாளர். கட்டளைகள் இந்துஸ்தானியில். தமிழும் கொஞ்சம் சந்தை மலாயும் மட்டும் அறிந்த ஆட்கள் அந்தச் சொற்களைக் காதால் பிடித்துக் காலால் கற்றார்கள். வெறுங்காலோடு நிரை நிரையாக மரம் வெட்டிய கால்கள் பூட்சுக்குள் புகுந்தன. பெரட்டில் தலைகுனிந்து நின்றவர்கள் அணிவகுப்பில் மார்பை நிமிர்த்தி நின்றார்கள். துரைக்கு இறங்கி நின்ற சைக்கிள்காரர் இப்போது தன் பெயரையும் எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். சாதிக்கொரு சமையல் என்பது முகாமில் கிடையாது. தோட்டத்தில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். வேறெந்தப் போர்க்களச் செய்தியைக் காட்டிலும் இந்தச் செய்தி தோட்டங்களில் ஆழமாகத் தங்கியது.

1945 ஆகஸ்டில் இந்த ஊர் உலக வரலாற்றின் ஓரத்தில் சில நாட்கள் நின்றது. பயிற்சி முகாமைப் பார்வையிட வந்த போஸ், ஐ.என்.ஏ. விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்தாயிற்று. சோவியத் ஒன்றியம் ஜப்பான்மீது போர் தொடுத்த செய்தி சிரம்பானுக்குத் தொலைபேசியில் வந்தது. பிறகு 12-ஆம் தேதி, லீக்கைச் சேர்ந்த டாக்டர் லட்சுமய்யாவும் கணபதியும் சிங்கப்பூரிலிருந்து காரில் விரைந்து வந்து, ஜப்பான் சரணடையப் போகிறது என்று நேரில் சொன்னார்கள். உடனிருந்த தற்காலிக அரசின் அமைச்சர் எஸ். ஏ. ஐயர் அந்த இரவைத் தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். போஸ் கலங்கவில்லை, அடுத்து என்ன செய்வது என்று பேச ஆரம்பித்துவிட்டார். மறுநாள் கார் தெற்கே புறப்பட்டது. 14-ஆம் தேதி அவர் சிங்கப்பூரில் பல் பிடுங்கிக்கொண்டார். அன்று மாலை ஜான்சி ராணிப் படைப் பெண்கள் போட்ட நாடகத்துக்குப் போய் உட்கார்ந்தார். 16-ஆம் தேதி விமானம் ஏறினார். 18-ஆம் தேதி தைப்பேயில் விபத்து.

சிரம்பான் முகாமில் இருந்த ஆட்களுக்கு விமானம் எதுவும் வரவில்லை. சம்பளப் பாக்கியும் அறிவுரையும் பெற்றுக்கொண்டு அவர்கள் தோட்டத்துக்கு நடந்தார்கள். டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகளான ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவர்மீதும் வழக்கு நடந்து இந்தியாவே கொந்தளித்துக்கொண்டிருந்த மாதங்களில், மலாயாத் தமிழ்ச் சிப்பாய் அதே லயத்தில், அதே கிராணியின் பெரட்டில், உளியோடு நின்றுகொண்டிருந்தார். 1972-இல் இந்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்தபோது தமிழ்நாட்டில் குடியேறியிருந்த ஐ.என்.ஏ.காரர்கள் அதைப் பெற்றார்கள். தோட்டத்திலேயே தங்கியவருக்கு அவர் தோழர்களின் நினைவே பட்டயம்.

திரும்பியவர் பழைய ஆளாகத் திரும்பவில்லை என்பதைத் துரைமார்தான் முதலில் கண்டுகொண்டார்கள். கெடாவில் 1946-47-இல் தொண்டர் படை எழுந்தது, முன்னாள் ஐ.என்.ஏ.காரர்களும் அதில் இருந்தார்கள். சீருடை, அணிவகுப்பு, கள்ளுக்கடை மறியல். போலீசின் தடியடிக்கும் கைதுக்கும் அது இரையானது. ஐ.என்.ஏ.வில் பயிற்சியாளராக இருந்த எஸ். ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இந்த நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழிலாளரை அமைப்பாக்கத் தொடங்கிய பி. பி. நாராயணன் மிதமான வேறு பாதையில் போய், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். பாதைகள் பலவானாலும் தொழிலாளி எதிரே நின்று பேசலாம் என்பதில் எல்லாரும் ஒன்று.

ஜானகியும் அப்படித்தான். போர் முடிந்ததும் வீட்டுக்குள் அடங்கிவிடவில்லை. இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு நலப்பணி செய்தார். 1946 ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர் அவர். வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஆதி நாகப்பனை மணந்தார். பிறகு மலேசிய நாடாளுமன்ற மேலவைக்கும் போனார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ அளித்தது. 2014 மே 9-ஆம் தேதி, 89-ஆவது வயதில் மறைந்தார்.

சிரம்பானுக்குத் தெற்கே ரெம்பாவ் தாண்டி, மாநிலத்தின் எல்லையில் கிம்மாஸ். மேற்குக்கரைப் பாதையும் கிழக்குக்கரைப் பாதையும் பிரிகிற ரயில் சந்திப்பு. பக்கத்தில் கெமென்சே ஆற்றுப் பாலத்தருகே 1942 ஜனவரி 14-ஆம் தேதி ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து, சைக்கிளில் வந்த ஜப்பானிய வீரர்களைப் பாலத்தோடு சேர்த்துத் தகர்த்தனர். அங்கே நினைவுச்சின்னம் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் வந்து பார்க்கிறார்கள். கிம்மாஸில் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம் தண்டவாளம். கிழக்குக்கரைப் பாதையின் நீண்ட பகுதியை ஜப்பானியர் கழற்றி எடுத்து, சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். இந்த மண்ணின் இரும்பும் இந்த மண்ணின் ஆளும் சேர்ந்தே அங்கே போயிருக்கின்றன.

அந்தப் பாதையில் ஜானகியும் பயணம் செய்தார். 1944-இல் பர்மாவுக்குப் போன பெண்கள் அணி மேமியோவில் மருத்துவமனையில் காயம்பட்டவர்களைக் கவனித்தது. போர்முனைக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இம்பால் வழியாக இந்தியாவுக்குள் நுழையும் முயற்சி தோற்றது. 1945 பிப்ரவரியில் ரங்கூன் அருகே ஐ.என்.ஏ. மருத்துவமனைமேல் குண்டு பொழிந்தது. ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு ரங்கூனைக் காலி செய்து கிளம்பினார்கள். தலைக்கு மேல் விமானம் என்பதால் பகலில் மரத்தடி, இரவில் நடை. சிட்டாங் ஆற்றைக் கடந்தபின் போஸும் அவர்களோடு நடந்தார்; பூட்சைக் கழற்றியபோது அவர் பாதமெங்கும் கொப்புளம். முன்னதாக ரயிலில் அனுப்பப்பட்ட பெண்களைக் கொரில்லாக்கள் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இருவர் இறந்தார்கள். நடந்தவர்கள் மௌல்மேனை அடைந்து, அங்கிருந்து சரக்கு ரயிலில் பாங்காக் போனார்கள். பர்மாவையும் சயாமையும் இணைத்த ரயில்பாதை ஒன்றே ஒன்றுதான். தோட்டத்துப் பெண்கள் தோட்டத்து ஆண்கள் போட்ட கட்டைகளின்மேல் வீடு திரும்பினார்கள். யாருடைய தகப்பன், யாருடைய அண்ணன் அந்தக் கரையோரத்தில் புதைந்து கிடந்தார்களோ.

பயணம் சிங்கப்பூர்க் கடற்கரைப் பூங்காவில் முடிகிறது. மடிந்த வீரர்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுப்ப 1945 ஜூலை 8-ஆம் தேதி போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் அதில் உருதுவில் பொறிக்கப்பட்டிருந்தன. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் செய்த முதல் வேலைகளில் ஒன்று அதை வெடிவைத்துத் தகர்த்தது. 1995-இல் சிங்கப்பூர் அரசு அதே இடத்தில் விளக்கக் கல் ஒன்றை வைத்தது, தமிழிலும் படிக்கலாம். அந்நாட்டின் ஆவணக் காப்பகம் ஜப்பானியர் காலத்தை வாழ்ந்தவர்களின் குரலை நூற்றுக்கணக்கான மணி நேரம் பதிவு செய்து வைத்திருக்கிறது.

போஸின் கார் தெற்கே புறப்பட்ட சிரம்பானிலும் இப்படி ஒரு கல் நடலாம். அதைவிட அவசரம் குரல்கள். சிப்பாய்கள் போய்விட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த மண்டோரின் கீழ் வேலை, முகாமுக்குப் போனது யார், சயாமுக்குப் போனது யார் என்று அவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரியும். லோபாக் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, ஒரு விடுமுறையில், அந்தப் பெயர்களை எழுதி வாங்கிவிடலாம்.